ஆடிட் நாளுக்கு மட்டும் திறக்கிற அறை

ஜூன் 3

ஆறு மாதம் கழித்து இன்று ஆபீஸ் போனேன். கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் ரோஸ் கிரீமில் "வெல்கம் பேக் சூப்பர் மாம்" என்று எழுதியிருந்தது. ஹெச்.ஆர். பெண் அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டாள். நாற்பத்திரண்டு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள். கேக்கைத் தின்று கையைத் துடைத்துக்கொண்டு என் சீட்டுக்குப் போனால், அங்கே மோகனா உட்கார்ந்திருக்கிறாள்.

மோகனப்பிரியா. மூன்று வருஷத்துக்கு முன்னால் பயோடேட்டாவைக் குழல் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற பிள்ளை. துணி வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு மெயில் எப்படி எழுத வேண்டும், சாயத்தில் கலர் மாறினால் யாரிடம் போய்க் கத்த வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. "அக்கா, உங்க சீட்டுங்க, நான் எந்திரிச்சுக்கறேன்" என்றாள். சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை.

ஜெகதீசன் சார் கூப்பிட்டார். ஆர்டர் பிடித்து அனுப்புகிற எங்கள் மெர்ச்சண்டைசிங் பிரிவுக்கு மேனேஜர். யாருக்காவது கெட்ட செய்தி சொல்வதாக இருந்தால் முதலில் டீ வரவழைப்பார். டீ வந்தது.

"பாரும்மா தாரணி, கைக்கொழந்தைய வெச்சுட்டு உனக்கு எதுக்கு டென்ஷன்? டென்மார்க்க மோகனா பாத்துக்கட்டும். நீ கம்ப்ளையன்ஸ் ஃபைலப் பாரு. லைட்டான வேல. அஞ்சு மணியானா கெளம்பிரலாம்."

டென்மார்க் என்பது எங்கள் பெரிய பையர். குழந்தைகளின் உடுப்பு மட்டும் வாங்குகிறவர்கள். ஒன்பது வருஷமாக அவர்களுக்குப் பதில் சொன்னது நான். வயிற்றைத் தள்ளிக்கொண்டு எட்டாம் மாதத்தில் பேக்கிங் ஹாலில் நின்று பெட்டி எண்ணியதும் நான். என் டென்ஷனைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை.

சட்டப்படி எல்லாம் நடக்கிறது என்று காகிதத்தில் காட்டும் அந்த லைட்டான வேலை முடிந்து ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது மணி ஆறே முக்கால்.

ஜூன் 4

தாய்ப்பால் எடுத்து வைக்க ஒரு இடம் வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் கேட்டேன். "ரெஸ்ட் ரூம் இருக்குதுங்களே மேடம்" என்றாள். "உங்க டிபன் பாக்ஸையும் அங்கயே வெச்சுச் சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். முகம் சுருங்கிப் போய்க் காப்பகத்துச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது இதை அந்தக் காப்பகத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு பக்கம் பம்ப் தன் வேலையைப் பார்க்கிறது, இருபது நிமிஷம் எனக்கு வேறு வேலை இல்லை. வாசலில் "குழந்தைகள் காப்பகம்" என்று போர்டு இருக்கிறது. உள்ளே கூரை வரைக்கும் ரிஜெக்ட் பீஸ் கார்ட்டன்கள். கார்ட்டன்களுக்கு இடையில் சுவரில் ஒரு மஞ்சள் யானையின் பின்பக்கம் தெரிகிறது. அந்த மஞ்சளைத் தேர்ந்தெடுத்தவள் நான்தான்.

சட்டப்படி கம்பெனியில் காப்பகம் இருக்க வேண்டும். டென்மார்க்காரர்களுக்குச் சட்டத்தை விட அதிகமாக மனசாட்சி உண்டு, அதனால் ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். ஐந்து வருஷத்துக்கு முன் முதல் ஆடிட் வந்தபோது ஜெகதீசன் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான்தான் வழி சொன்னேன். ஒரு ரூமைக் காலி செய்து பெயிண்ட் அடித்து, பாய் விரித்து, லைனில் தைக்கிற பெண்களிடமிருந்து எட்டுப் பிள்ளைகளை அன்று ஒருநாள் கொண்டுவரச் சொன்னோம். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தோம். ஆடிட்டர் ஃபுல் மார்க் போட்டுவிட்டுப் போனார். ஜெகதீசன் சார் எல்லோர் முன்னாலும் எனக்குக் கை கொடுத்தார். அதற்கப்புறம் எல்லா ஆடிட்டுக்கும் அதே முறைதான்.

மூளை இருக்கிறவளைத்தான் இப்போது ஃபைல் பார்க்க வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 7

கண்ணில் பஞ்சுத் தூசி விழுந்து இன்று ஒரே எரிச்சல். கார்ட்டன் அடைத்த ரூம், வேறு என்ன இருக்கும்.

ஜூன் 12

மோகனா டென்மார்க்குக்கு எழுதுகிற மெயில்களை எனக்கும் காப்பி போடுகிறாள். மரியாதையாம். ஒவ்வொரு மெயிலின் முடிவிலும் ஒரு சிரிக்கிற மூஞ்சி. ஒன்பது வருஷம் நான் ஒரு சிரிப்பைக்கூடச் செலவு பண்ணாமல் அவர்களிடம் வேலை வாங்கினேன். இன்றைக்கு எரிக்கிடமிருந்து பதில் வந்திருந்தது. எரிக்தான் அங்கே வாங்கும் பிரிவின் தலைவர். மோகனாவோடு வேலை பார்ப்பது மிகவும் சந்தோஷமாக இருக்கிறதாம். அவரும் ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டிருக்கிறார்.

நல்லது. சந்தோஷமாக இருக்கட்டும். ஷிப்மெண்ட் லேட்டாகும்போது யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

மோகனா மத்தியானம் வந்து, "அக்கா, பட்டன் டெஸ்ட் ரிப்போர்ட் நீங்க எந்த ஃபோல்டர்ல வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியும்.

ஜூன் 18

சாந்தாமணி அக்கா வீடியோ அனுப்பியிருந்தார். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருக்கிறவர். காலை எட்டு மணியிலிருந்து நான் வருகிற வரைக்கும் என் மகள் ஆதிரையைப் பார்த்துக்கொள்கிறார். எனக்கு அம்மா இல்லை. மாமியார் தாராபுரத்தில் படுக்கையில் கிடக்கிற மாமனாரைப் பார்க்கிறார். அதனால் சாந்தாமணி அக்காதான்.

வீடியோவில் ஆதிரை குப்புற விழுகிறாள். முதல் தடவை. சாந்தாமணி அக்கா, "அடி என் சாமி, கவுந்துட்டா பாருங்க, கவுந்துட்டா" என்று கத்துகிறார். பதினெட்டு விநாடி.

உலகத்தில் எல்லாக் குழந்தையும் குப்புற விழும். இதில் அதிசயப்பட எதுவும் இல்லை. ஏழு தடவை பார்த்துவிட்டு மீட்டிங்குக்குப் போனேன். தீயணைக்கும் சிலிண்டர்களின் காலாவதித் தேதி பற்றிய மீட்டிங்.

ஜூன் 21

டீ வரவழைக்காமலேயே ஜெகதீசன் சார் கூப்பிட்டார். ஜூலை பத்தாம் தேதி டென்மார்க் ஆடிட். பெங்களூரிலிருந்து ஆள் வருகிறார். இந்தத் தடவை கடுமையாகப் பார்ப்பார்களாம். காப்பகம் தினமும் நடப்பதற்கான ரிஜிஸ்டர் கேட்பார்களாம்.

"உன்ன விட்டா இதுக்கு ஆளில்ல தாரணி. நீதான் ஆரம்பிச்சு வெச்ச. இத நல்லபடியா முடிச்சுக் குடு. பதினோராந் தேதியிலருந்து டென்மார்க் உன்னுது. நான் சொன்னா சொன்னதுதான்."

"மோகனா?"

"அது சின்னப் புள்ள. அதுக்கு வேற பையர் பாத்துக்கலாம்."

எனக்குத் தெரியும், இந்த மனிதர் சொன்னால் சொன்னது இல்லை. ஆனாலும் படியில் இறங்கும்போது கால் தரையில் படவில்லை. காப்பகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். ஒன்பது வருஷ வேலை எனக்குத் திரும்பி வரப்போகிறது. அதற்கு நான் செய்ய வேண்டியதெல்லாம் எனக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்று.

ஜூன் 24

ரிஜிஸ்டரைப் பழசாக்குவது தனி வித்தை. ஹெச்.ஆர். பெண்ணிடம் விட்டால் ஒரே பேனாவில், ஒரே மூச்சில், முத்து முத்தாக எழுதி வைப்பாள். எந்த ஆடிட்டரும் முதல் பக்கத்திலேயே பிடித்துவிடுவார்.

முதலில் பேனா. இரண்டு நீலம், ஒரு கருப்பு, அதில் ஒன்று மை விட்டு விட்டு வர வேண்டும். அமாவாசையன்று பிள்ளைகள் குறைவாக வர வேண்டும். பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட வேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் லீவு. ஒரு பக்கத்தில் எண்ணெய் விரல். வடையைத் தொட்டுவிட்டுப் பக்கம் புரட்டினால் சரியாக வரும். கடைசிக் கட்டம் "குறிப்பு". அதில் அங்கங்கே ஏதாவது எழுத வேண்டும். "பால் குடிக்கவில்லை." "தாய் வந்து பார்த்துச் சென்றார்." வாரத்துக்கு ஒரு தடவை மேனேஜர் கையெழுத்து.

ஜெகதீசன் சார் போன வருஷத்து ஜூலையிலிருந்து ஐம்பத்திரண்டு கையெழுத்தை உட்கார்ந்த இடத்திலேயே போட்டார். கை வலிக்கிறது என்றார், பாவம்.

ஜூன் 28

சாந்தாமணி அக்கா இரண்டாம் தேதியிலிருந்து வர மாட்டாராம். ஓசூரில் இருக்கிற மகளுக்கு மஞ்சள் காமாலை. மூன்று மாதமாவது ஆகும் என்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள முடியாது. அதனால் வீட்டுக்காரரைக் கோபித்துக்கொண்டேன்.

அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமா மருந்துக் கம்பெனியில் ரெப். வாரத்தில் நாலு நாள் ஊர் ஊராகச் சுற்றுவார். "நான் சொன்னா உனக்குக் கோவம் வரும் அம்மிணி. ஒரு ரெண்டு வருஷம் வேலைய விட்டுரேன். அப்பறம் போய்க்கலாம்" என்றார். அப்புறம் போய்க்கலாமாம். கம்பெனி என்ன பஸ் ஸ்டாண்டா, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ள? நீங்கள் விடுங்கள் என்றேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார்.

ஜூலை 2

இன்றைக்கும் நாளைக்கும் லீவு போட்டேன். பத்தாம் தேதி ஆடிட்டை வைத்துக்கொண்டு லீவா என்று ஜெகதீசன் சார் போனிலேயே கத்தினார். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை சார் என்றேன். அப்புறம் குரல் தேனாக மாறிவிட்டது.

"அட, உன் பாப்பாவையே கொண்டுட்டு வந்துரும்மா! ஆபீஸ் ஸ்டாஃப் கொழந்தயே நம்ம காப்பகத்துல இருக்குதுன்னா, ஆடிட்டர் வேற என்ன கேக்கப் போறாங்க?"

அவருக்கும் எப்போதாவது மூளை வேலை செய்யும் போலிருக்கிறது. சரி என்றேன். வேறு வழியும் இல்லை.

வீட்டில் உட்கார்ந்தே ரிஜிஸ்டரில் ஆதிரையின் பெயரைச் சேர்த்தேன். ஜூன் 3 முதல் நேற்று வரை இருபத்தைந்து நாள். வந்த நேரம் 8.30, போன நேரம் 6.30. இந்த இருபத்தைந்து நாளும் அவள் என் மேஜையிலிருந்து நாற்பது அடி தூரத்தில் பாயில் கிடந்திருக்கிறாள். பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நான் போய்ப் பால் கொடுத்திருக்கிறேன். எல்லாம் வெவ்வேறு பேனாவில்.

பதினெட்டாம் தேதிக்கு நேரே "குறிப்பு" கட்டம் காலியாக இருந்தது. "இன்று முதல் முறையாகக் குப்புற விழுந்தது. தாய் உடனிருந்தார்" என்று எழுதினேன். ரிஜிஸ்டர் நிஜமாகத் தெரிய இப்படி ஒன்றிரண்டு வேண்டும்.

ஜூலை 8

கார்ட்டன்களைக் கோடவுனுக்கு ஏற்றினார்கள். யானை முழுசாக வெளியே வந்தது. பாய், பொம்மை, தண்ணீர் பில்டர் எல்லாம் வந்தாயிற்று. ஹவுஸ்கீப்பிங் பார்க்கிற பேச்சியம்மாளுக்குப் பச்சைச் சேலை கட்டி ஆயாவாக்கியாயிற்று. ஆதிரை நான்கு நாளாக என் டேபிளுக்கு அடியில் கூடைத் தொட்டிலில் கிடந்தாள். மோகனா வேறு அடிக்கடி குனிந்து குனிந்து கொஞ்சினாள். என் கழுதையும் அவளைப் பார்த்துச் சிரிக்கிறது.

பிள்ளை பிடிக்க லைனுக்குப் போனேன். சூப்பர்வைசர் ஐந்து பெண்களை நிறுத்தி வைத்திருந்தார். ஓவர்லாக் மெஷினில் தைக்கிற சரசு எனக்கு ஏற்கெனவே தெரிந்த முகம்.

"மொத ஆடிட்டுக்கு எம் பெரியவன் வந்தானுங்க மேடம். இப்ப ரெண்டாவது படிக்கறான். சின்னவளுக்கு ஒரு வயசு ஆகுதுங்க. அவளக் கூட்டியாரட்டுங்களா?"

"கூட்டிட்டு வா. ரெண்டு மணி வரைக்கும்தான்."

"தெரியுமுங்க. அன்னைக்கும் ரெண்டு மணிக்குப் பூட்டீட்டாங்க. அப்பறம் அவன எங்கீங்க கொண்டு போறது? ஏழு மணி வரைக்கும் மெஷினுக்கு அடியில அட்டப்பொட்டில உக்கார வெச்சிருந்தேன். பாவம், வெட்டுத் துணிய எடுத்து வாயில போட்டுக்கிட்டான். நீலமா வாந்தி எடுத்தானுங்க."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. போன வருஷம் மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பிஸ்கட் குடுத்தோமில்ல?" என்றேன். இப்படி ஒரு கேள்வியை என் வாயால் நான் கேட்டேன்.

"குடுத்தீங்க மேடம். நல்ல பிஸ்கட்டுங்க."

"இப்ப சின்னவள எங்க விட்டுட்டு வர்ற?"

"காலனில ஒருத்தரு பாத்துக்கறாங்க. பத்துப் பன்னெண்டு புள்ளைங்க இருக்குது. இருமல் மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருவாங்க. தொந்தரவு இருக்காதுங்க."

அன்று ரெண்டு மணிக்கு மேல் அந்த எட்டுப் பிள்ளைகளும் எங்கே போயிருக்கும் என்று ஐந்து வருஷத்தில் நான் ஒரு தடவைகூட நினைத்ததில்லை. எட்டில் ஒன்றின் பெயரும் எனக்குத் தெரியாது. மேஜைக்கு வந்து ஆதிரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 10

ஆடிட்.

ஆடிட்டர் நிவேதிதா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கதர் குர்தா, விலையுயர்ந்த ஷூ, கழுத்தில் தடியான வெள்ளிச் சங்கிலி. பேச்சியம்மாளைப் பார்த்துக் கைகூப்பினாள். பேச்சியம்மாள் பயந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

பாயில் ஆறு பிள்ளைகள். ஆதிரை நடுவில். சரசுவின் சின்னவள் ஆதிரையின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஜெகதீசன் சார் கதவருகில் நின்று ஒரு பிள்ளையைப் பார்த்து "ஜூ ஜூ" என்றார். அந்தப் பிள்ளை வீரிட்டு அழுதது.

நிவேதிதா ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டினாள். கெட்டிக்காரிதான், பேனாவைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். எண்ணெய் விரலில் ஒரு நொடி நின்று தாண்டினாள். ஜூன் பதினெட்டில் நின்றுவிட்டாள்.

"இது உங்க பேபியா?"

"ஆமாங்க."

"ஃபர்ஸ்ட் டைம் குப்புற விழுந்தப்போ நீங்க கூடவே இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"எவ்வளவு லக்கி நீங்க! எத்தனை மதர்ஸ் அதை மிஸ் பண்றாங்க தெரியுமா?"

ஒன்பது வருஷத்தில் சாயம், பட்டன், தையல், தேதி என்று எதை எதையோ பற்றி ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றையும் எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன். இதை மட்டும் யானையைப் பார்த்துச் சொன்னேன். "ஆமாங்க, லக்கிதான்." அவள் என்னையும் ஆதிரையையும் யானைக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போடுவாளாம். கிளம்பும்போது, அறுபது நாளுக்குள் ஒருநாள் சொல்லாமல் வந்து பார்ப்பது அவர்களுடைய வழக்கம் என்றாள். ஜெகதீசன் சார், "எப்ப வேணா வாங்க, இது உங்க கம்பெனி" என்றார்.

ஆடிட்டில் பாஸ். ஜெகதீசன் சார் ரெண்டு மணிக்குக் காப்பகத்தைப் பூட்டச் சொன்னார். இந்தத் தடவை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஐந்து பெண்கள் ஐந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு லைனுக்குப் போனார்கள். சரசு ஒரு கையால் மெஷினுக்கு அடியில் இருந்த பெட்டியை இழுத்தாள்.

நாலு மணிக்கு மெயில் வந்துவிட்டது. நாளை முதல் டென்மார்க் தாரணியிடம். மோகனாவுக்கு உள்ளூர் ஆர்டர்கள். சொன்னால் சொன்னதுதான் போலிருக்கிறது. மோகனா கழிவறைக்குப் போய்விட்டு அரை மணி நேரம் கழித்து மூக்குச் சிவக்க வந்தாள். "கங்கிராட்ஸ்க்கா" என்றாள்.

ஜெகதீசன் சார் மேஜைக்கே வந்தார். "காப்பகத்துல ஒரு மூல உன் பாப்பாவுக்கு. பேச்சியம்மா அப்பப்ப வந்து பாத்துக்கட்டும். மீதி எடத்துல கார்ட்டன் போட்டுக்கலாம். உனக்கு மட்டும்தாம்மா, வெளிய சொல்லிக்காத."

கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. கேட்காததும் கிடைத்துவிட்டது. நன்றி சார் என்று இரண்டு தடவை சொன்னேன். அப்போதே ஆதிரையை மறுபடி காப்பகத்துப் பாயில் கிடத்தி, பேச்சியம்மாளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்; ஆறரை வரைக்கும் அங்கேதான் இருந்தாள்.

ஜூலை 11

எட்டேகாலுக்கு ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காப்பகத்து வாசலில் கூட்டம். எட்டுப் பெண்கள், இடுப்பில் எட்டுப் பிள்ளைகள். தூக்குச் சட்டி, துணிப்பை, ஒருத்தி கையில் கிலுகிலுப்பை. முன்னால் சரசு.

"என்ன இது?"

"காப்பகத்துல விடலாமுன்னுதானுங்க மேடம்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. இத்தன வருசம் அது ஆடிட்டுக்குத்தான்னு எங்களுக்கும் தெரியும். நேத்து உங்க பாப்பாவே உள்ள கெடந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சாம், பேச்சியம்மா சொன்னாங்க. மேடம் அவங்க சொந்தப் புள்ளையவே உடறாங்கன்னா, இந்தத் தடவ நெசந்தான்னு எல்லாரும் பேசிக்கிட்டோம்."

போன் அடித்தது. ஜெகதீசன் சார் கேமராவில் பார்த்திருக்கிறார். "அதுகள அனுப்பு தாரணி. பெல்லடிக்கறதுக்குள்ள லைன்ல இருக்கோணும். பேசிட்டு நிக்காத."

எட்டு முகங்களும் என்னைப் பார்த்தன. சரசு, "இல்லீன்னா இல்லீன்னு சொல்லீருங்க மேடம், காலனில கொண்டு போயி உட்டுட்டு ஓடியாறோம். லேட்டானா அர நாள் போயிரும்" என்றாள்.

நான் சொல்ல வேண்டிய பதிலைச் சொல்லாமல் வேறு ஒன்றைக் கேட்டேன். "சரசு, அன்னைக்கு உன் பையன் நீலமா வாந்தி எடுத்தான்னு சொன்னியே. எம்மேல கோவம் வரலியா?"

அவள் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "வராம இருக்குமுங்களா? இவங்களுக்கும் ஒண்ணு பொறக்கட்டும்னு நெனச்சேன். சாபமா உடலீங்க. பொறந்தாத் தெரியுமுல்லன்னுதான்."

நான் நல்லவளாகிவிட்டேன் என்று என் நோட்டிலேயே நான் எழுதிக்கொள்ளத் தயாராக இல்லை. அவர்களை அனுப்பிவிட்டால், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து என் பிள்ளையை மட்டும் உள்ளே தூக்கிக்கொண்டு போய் எட்டுப் பேர் முகத்தில் அதைச் சாத்த வேண்டும். என்னால் அது முடியவில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் முடிந்திருக்கும். கதவைத் திறந்தேன். "உள்ள விட்டுட்டு ஓடுங்க, பெல்லடிச்சிரும்" என்றேன்.

பத்து நிமிஷத்தில் ஜெகதீசன் சார் வந்துவிட்டார். காலுக்கடியில் ஒரு பிள்ளை தவழ்ந்ததால் வாசலிலேயே நின்று கத்தினார்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க? இன்னைக்கு எட்டு வரும், நாளைக்கு எம்பது வரும். எல்லாத்தையும் வெளிய அனுப்பு."

"ரிஜிஸ்டர்ல ஒரு வருஷமா வந்துட்டுத்தான் இருக்குதுங்க சார்."

"அது நீ எழுதுன ரிஜிஸ்டரு!"

"ஆமாங்க, எழுதுனது நான்தான். ஐம்பத்திரண்டு எடத்துல கையெழுத்துப் போட்டது நீங்க. அந்தப் பொண்ணு சொல்லாம வர்றேன்னு சொல்லீட்டுப் போயிருக்குது. வந்து பாக்கறப்ப கார்ட்டன் இருந்தா, நான் இருந்தத இருந்தபடி சொல்லீருவேனுங்க."

"சொல்லு! உன் வேலையும் போயிரும்."

"போகுமுங்க."

அவர் கேமராவைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். அப்புறம் அடங்கின குரலில், டீ வரவழைத்த மாதிரி ஆரம்பித்தார்.

"சரி, இருக்கட்டும். யாரு பாத்துக்கறது இதுகள? பேச்சியம்மாவுக்கு மூணு மாடி கூட்டறதுக்கு இருக்குது."

"ஆயா போடற வரைக்கும் நான் பாத்துக்கறனுங்க. லேப்டாப்ப இங்க வெச்சுட்டு ஃபைல் வேலையும் பாத்துக்குவேன்."

"நீ சீனியர் மெர்ச்சண்டைசரும்மா! எரிக் மத்தியானம் வீடியோ கால்ல வர்றாரு. இந்தக் கத்தல்ல உக்காந்து நீ பேசுவியா? டென்மார்க்க அப்பறம் யாரு பாக்கறது?"

அவர் பேசிக்கொண்டே போனார். எனக்குத் தெரியும், டென்மார்க் ஒரே ஒரு தடவைதான் திரும்பி வரும். ஒன்பது வருஷம். ராத்திரி பகல் பாராமல் நான் வளர்த்த பையர். மேலே என் பழைய சீட்டில் மோகனா சாமான்களை எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

"மோகனா நல்லாத்தான் பாக்கறாளுங்க சார்" என்றேன்.

அவளைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதற்கெல்லாம் இது ஈடாகாது. ஆனால் நான் சொன்னது உண்மை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெகதீசன் சார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பின்னால வருத்தப்படாத" என்று சொல்லிப் போனார். பின்னால் எதற்கு, நான் அப்போதே வருத்தப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மத்தியானம் மாமா கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து போன் செய்தார். "டென்மார்க் கெடச்சிருச்சா அம்மிணி?"

"கெடச்சுது. திருப்பிக் குடுத்துட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

ஆமாம் என்றேன். மேலே பேச முடியவில்லை. ஒன்பது பிள்ளைகளில் நாலு ஒரே சமயத்தில் அழுதுகொண்டிருந்தன. அதில் எது பசிக்கு அழுகிறது, எது தூக்கத்துக்கு அழுகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.